பாசறையில் ஒரு குதிரைவீரன்

அரசுரிமைப் போர்களைப் பற்றிப் படிக்கும்போது நம் கண்முன் நிற்பவர்கள் அரசகுமாரர்களே. யார் வென்றார், யார் தோற்றார், யார் சிறைப்பட்டார் என்று அறிந்தவுடன் வரலாறு முடிந்துவிட்டதாக எண்ணிப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். ஆனால், அந்த அரசகுமாரர்கள் ஏறிச்சென்ற யானைகளுக்கு முன்னும் பின்னும் பல்லாயிரம் குதிரைகள் சென்றன. ஒவ்வொரு குதிரையின்மீதும் ஒரு மனிதன் அமர்ந்திருந்தான். அவன் என்ன உண்டான், எங்கே உறங்கினான், தன் குதிரைக்கு எங்கிருந்து புல் தேடினான், எவரை நம்பி உயிரைக் கொடுக்க முன்வந்தான் என்ற கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால், நாம் அறிந்த போர்களே வேறு விதமாகத் தோன்றத் தொடங்கும். அப்படிப்பட்ட ஒருவனுடைய நாட்களை இன்று நாம் சற்று நெருங்கிக் காண்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் போர், 1657 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஷாஜஹான் சக்கரவர்த்தி டில்லியில் நோய்வாய்ப்பட்டதை ஒட்டி எழுந்த உள்நாட்டுப் போர். அந்நிய நாட்டார் எவரும் இதில் படையெடுத்து வரவில்லை. ஒரே தந்தையின் நான்கு மைந்தர்கள், ஒரே பேரரசின் படையைப் பங்கு போட்டுக்கொண்டு ஒருவரோடு ஒருவர் பொருதினர். மூத்தவரான தாரா ஷுகோ தந்தையின் அருகில் இருந்தார். ஷுஜா வங்காளத்தையும், ஔரங்கசீப் தக்காணத்தையும், முராத் குஜராத்தையும் ஆண்டுவந்தனர். சக்கரவர்த்தி இறந்துவிட்டார் என்று ஒரு வதந்தியும், பிழைத்துவிட்டார் என்று மற்றொரு செய்தியும் மாறிமாறிப் பரவின. அந்தக் குழப்பத்திலேயே நான்கு திசைகளிலும் முரசுகள் முழங்கின.

இப்போர் நடந்த இடங்கள், தொழில் நிமித்தமாக வடநாட்டில் குடியேறி வாழும் தமிழன்பர்களுக்குத் தொலைவானவை அல்ல. காசிக்கு அருகில் பகதூர்பூர். உஜ்ஜயினிக்குத் தென்மேற்கே தர்மத். ஆக்ராவுக்குக் கிழக்கே சில மைல் தூரத்தில் சாமூகர். கான்பூருக்கு அண்டையிலுள்ள பதேபூர் மாவட்டத்தில் கஜுவா. ஆஜ்மீர் மலைகளின் அடியில் தேவராய். தர்மத்துக்கு வெற்றியின் நினைவாகப் பதேஹாபாத் என்று பெயரிடப்பட்டது. இந்தூர்ப் பக்கத்திலுள்ளவர்கள் அப்பெயரை இரயில் நிலையப் பலகையில் பார்த்திருக்கலாம். அந்தப் பெயருக்குள் ஆயிரக்கணக்கான குதிரைவீரர்களின் கதை அடங்கியிருக்கிறது.

நம் வீரன் எவ்வாறு படையில் சேர்ந்தான்? அவன் நேராகச் சக்கரவர்த்தியின் ஊழியன் அல்லன். மன்சப்தார் எனப்படும் பிரபு ஒருவரின் கீழ்ச் சேர்ந்தவன். அந்தப் பிரபு இத்தனை குதிரைவீரர்களை நிறுத்தவேண்டும் என்று அரசாங்கம் கட்டளையிடும். அதற்கு ஈடாக அவருக்குக் கஜானாவிலிருந்து பணமோ, வருவாய் தரும் ஜாகீரோ கிடைக்கும். ஷாஜஹான் காலத்து விதிப்படி, தம் ஜாகீர் இருக்கும் மாகாணத்திலேயே பணிபுரியும் பிரபு, பட்டியலில் குறித்த எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு வீரர்களைக் கொண்டுவந்தால் போதும். இந்தியாவின் வேறு மாகாணத்துக்கு அனுப்பப்பட்டால் நான்கில் ஒரு பங்கு. காகிதத்தில் இருந்த சேனைக்கும் களத்தில் நின்ற சேனைக்கும் இருந்த வேறுபாட்டை இதனால் உணரலாம்.

படையில் சேரும் நாளில் எழுத்தர் ஒருவர் வீரனுடைய அங்க அடையாளங்களை எழுதிக்கொள்வார். பெயர், தந்தையின் பெயர், குலம், நிறம், முகத்திலுள்ள மச்சம், வடு எல்லாம் அதில் அடங்கும். குதிரைக்கும் இதே போன்ற பட்டி உண்டு. அத்துடன் குதிரையின் உடலில் சூட்டுக்கோலால் குறியிடுவார்கள். இதற்குத் தாக் என்று பெயர். அக்பர் காலத்தில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. நல்ல குதிரையைக் காட்டிச் சம்பளம் வாங்கிவிட்டு, பிறகு மட்டக் குதிரையைக் கொண்டுவரும் தந்திரத்தைத் தடுப்பதே இதன் நோக்கம். குதிரை இறந்துபோனால், சூட்டுக்குறி உள்ள தோலைக் காட்டி மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இல்லையேல், அதை விற்றுத் தின்றுவிட்டான் என்ற சந்தேகத்துக்கு வீரன் ஆளாவான்.

குதிரைக்கு ஏன் இவ்வளவு கணக்கு? காரணம், குதிரைதான் வீரனுடைய சம்பளம். பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியர் இப்போரின் கடைசிக் கட்டத்தில் இந்தியாவுக்கு வந்தவர். பின்னர் பல ஆண்டுகள் மொகலாயப் பிரபு ஒருவரிடம் பணிபுரிந்து, தாம் கண்டவற்றைத் தெளிவாக எழுதிவைத்தார். ஒரு குதிரை வைத்திருக்கும் வீரனுக்கு மாதம் 25 ரூபாய்க்குக் குறையாமல் ஊதியம் என்று அவர் கணக்குக் கூறுகிறார். குதிரையின் தீனி, குதிரைக்காரனின் கூலி, ஆயுதம், சேணம், தன் உணவு, குடும்பச் செலவு யாவும் இந்தப் பணத்திலிருந்தே நடக்கவேண்டும். குதிரை மாண்டால் வருமானம் மாண்டது. சொந்தக் குதிரையை இழந்தவன் பிறர் குதிரையில் ஏறும் பர்கீர் என்னும் தாழ்ந்த நிலைக்கு இறங்கவேண்டும். ஆதலால், போர்க்களத்தில் தன்மீது பாயும் அம்பைக் காட்டிலும் தன் குதிரைமீது பாயும் அம்பையே அவன் மிகுதியாக அஞ்சியிருப்பான் என்று கொள்வதில் தவறில்லை.

குதிரைகளிலும் உயர்வு தாழ்வு உண்டு. மத்திய ஆசியாவிலிருந்து காபூல் வழியாக வந்த துருக்கிக் குதிரைக்கு மதிப்பு அதிகம். உஸ்பெக் நாட்டிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் 25,000க்கு மேற்பட்ட குதிரைகள் வந்தன என்பது பெர்னியர் கூறும் மதிப்பு. கலப்பினமான யாபூ, உள்நாட்டிற் பிறந்த தாஜி, ஜங்கலா ஆகியவை அடுத்தடுத்த படிகள். நம் ஊரில் குதிரைக்குக் கொள்ளு எப்படியோ, அப்படியே அங்கே கடலை. அதை வேகவைத்து, சில வேளைகளில் நாட்டுச் சர்க்கரை சேர்த்துக் கொடுப்பார்கள். வெண்ணெய் கலந்த மாவு உருண்டை கொடுப்பதும் உண்டு. ஒரு குதிரைக்கு ஒரு பணியாள் என்பது பொதுவான வழக்கம். ஆக, நாம் ஒரு குதிரைவீரனை எண்ணும்போதே அவனுக்குப் பின்னால் ஒரு குதிரைக்காரனையும், வசதியிருந்தால் புல்லறுக்கும் ஓர் ஆளையும், பாரம் சுமக்கும் ஒரு மட்டக் குதிரையையோ எருதையோ சேர்த்தே எண்ணவேண்டும்.

இனி அவனுடைய ஒரு நாளைப் பார்ப்போம். 1658 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். ஔரங்கசீப்பின் படை புர்ஹான்பூரிலிருந்து நருமதையை நோக்கி வடக்கே செல்கிறது. விடியுமுன் முரசு முழங்குகிறது. குதிரையின் முன்கால் பின்கால் கயிறுகளை அவிழ்த்து, முளைகளைப் பிடுங்கி, சேணத்தைப் பூட்டி, போர்வையைச் சுருட்டிக் கட்டுவதே முதல் வேலை. கோடைக்காலமாதலால் வெயில் ஏறுமுன் வழியைக் கடந்துவிடவேண்டும். கனத்த பீரங்கிகளும் ஒட்டகங்களும் மாட்டு வண்டிகளும் உடன் வருவதால் படை விரைவாகச் செல்ல இயலாது. தர்மத் வெற்றிக்குப் பிறகு இதே படை உஜ்ஜயினியிலிருந்து குவாலியரை அடைய ஒரு மாதம் பிடித்தது. வழி 400 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. ஒரு நாளைக்குச் சராசரியாகப் பதினைந்து கிலோமீட்டர் என்று ஆகிறது. குதிரையேறியவனுக்கு இது மிகக் குறைந்த தூரம். ஆனால் பல்லாயிரம் பேர் கிளப்பிய புழுதிக்குள், அடிக்கடி நின்றுநின்று, இரும்புத் தலைச்சீராவுக்குக் கீழே வியர்த்துக்கொண்டு செல்பவனுக்கு அந்தப் பதினைந்தே போதுமானது.

அவன் அணிந்திருந்தவை என்ன? உள்ளே பஞ்சு திணித்த சட்டை. அதன்மேல், வாங்கும் சக்தி இருந்தால், இரும்பு வளையங்களைப் பின்னிய கவசம். இடையில் வளைந்த வாள், முதுகில் தோற்கேடயம், கையில் ஈட்டி, பலரிடம் வில்லும் அம்பறாத்தூணியும். துப்பாக்கி பரவியிருந்த காலத்திலும் வில்லை ஏன் விடவில்லை என்று நாம் கேட்கலாம். துப்பாக்கிக்காரன் இருமுறை சுடுவதற்குள் குதிரைவீரன் ஆறு அம்புகளை எய்துவிடுவான் என்று பெர்னியர் எழுதியிருப்பதே அதற்கு விடை.

முகாமிடத்தை அடைந்தவுடன் அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும். படை எங்கே இறங்கினாலும் அமைப்பு ஒன்றே. நடுவில் அரசகுமாரரின் கூடாரங்கள்; அவற்றைச் சுற்றிப் பிரபுக்களின் கூடாரங்கள்; இடையிடையே நெடுகக் கடைத்தெருக்கள். ஆனால் இடம் கிடைத்ததனால் ஓய்வு கிடைத்துவிடாது. மனிதனுக்கு முன் குதிரைக்கு உணவு தேடவேண்டும். புல் தேடி ஆட்கள் நாலாபக்கமும் சிதறுவார்கள். கோடையில் அறுக்கப் புல் ஏது? சிறு மண்வெட்டியால் புல்லை வேரோடு செதுக்கி எடுத்து, அடித்து மண்ணை உதிர்த்துக் கொண்டுவருவார்கள். சிலர் தம் தேவைக்கு மிஞ்சியதைப் பாசறைக் கடையில் விற்றுக் காசாக்குவார்கள். முந்திய நாள் வேறொரு படைப்பகுதி இறங்கிய இடமாக இருந்தால் புல்லும் இராது, விறகும் இராது, குளத்தில் தெளிந்த நீரும் இராது.

தானியம் கொண்டுவருவோர் பஞ்சாராக்கள். வீடுவாசல் இன்றி, பெண்டு பிள்ளைகளுடன் எருதுகளின் பின்னே வாழ்நாள் முழுதும் நடந்தவர்கள் அவர்கள். ஒரே கூட்டத்தில் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் எருதுகள் செல்வதைத் தாம் கண்டதாகத் தவெர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர் எழுதுகிறார். பஞ்சாராக்களின் எருதுகள் வந்து சேர்ந்தால் கடைத்தெருவில் விலை இறங்கும். ஆறு பெருகி அவர்கள் தாமதித்தால் விலை ஏறும். வீரன் கையில் ரொக்கம் இராது. கடைக்காரனிடம் கடன் சொல்லித்தான் வாங்கவேண்டும். சம்பளம் வந்ததும் முதலில் கை நீட்டுபவன் அந்தக் கடைக்காரன்தான்.

மாலை உணவு மிக எளியது. அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்து, மேலே காய்ச்சிய நெய்யை ஊற்றினால் அதுவே கிச்சடி. பெயரைக் கேட்டு நம் வீட்டு ரவைக் கிச்சடியை நினைக்கவேண்டாம். நம் வெண்பொங்கலுக்கு நெருங்கிய உறவு அது. இவ்வளவு பெரிய சேனைக்கு எங்கிருந்து உணவு கிடைக்கிறது என்று வியக்கும் ஐரோப்பியர்களுக்குப் பெர்னியர் கூறும் சமாதானம் இதுவே: இந்த வீரர்களில் மிகச் சிலரே இறைச்சி உண்பவர்கள், கிச்சடி கிடைத்தால் அவர்கள் நிறைவடைகிறார்கள். பிரபுக்களுக்குக் கங்கை நீர் ஒட்டகத்தின்மேல் வரும். வீரனுக்கோ ஆடுமாடு இறங்கிக் கலக்கிய குட்டை நீர். அத்தகைய நீரால் காலில் தோன்றும் நரம்புச் சிலந்தி நோயைப் பற்றியும் அந்த மருத்துவர் குறிப்பிடத் தவறவில்லை.

பொழுது சாயும்போது பாசறை புகையில் மூழ்கும். சாணவறட்டி, ஒட்டகச் சாணம், பச்சை விறகு ஆகியவற்றை எரிக்கும் ஆயிரக்கணக்கான அடுப்புகளின் புகை அது. காற்றில்லாத நாளில் தன் கூடாரத்தைத் தானே கண்டுபிடிக்க முடியாமல் திகைத்ததைப் பெர்னியர் கூறுகிறார். அவருக்கு வழிகாட்டியது ஆகாசதீபம். அரச கூடாரத்துக்கு எதிரே உயர்ந்த கம்பத்தின் உச்சியில் ஏற்றப்பட்ட விளக்கு அது. அங்கே போய் நின்று புகை கலையும் வரை காத்திருப்பார், அல்லது இராப்பொழுதையே அங்குக் கழிப்பார். அவர் எழுதியிருப்பது போருக்குச் சில ஆண்டுகள் பின்னர் நடந்த காசுமீரப் பயணத்தைப் பற்றி. எனினும், பாசறையின் அடுப்பும் புகையும் அதே பாசறையின் அடுப்பும் புகையுமே. இரவில் காவலர்கள் கூவிக்கொண்டே சுற்றிவருவார்கள். திருடர்கள் அதற்கும் அஞ்சுவதில்லை. முறைவந்த நாளில் நம் வீரனும் சவுக்கி என்னும் காவலில் நிற்கவேண்டும். மற்ற நாட்களில் குதிரையின் அருகிலேயே, சேணத்தைத் தலையணையாகக் கொண்டு உறங்கலாம்.

இவ்வாறு சென்ற படை, ஏப்ரல் தொடக்கத்தில் நருமதையைக் கடந்தது. ஏப்ரல் நடுவில் தர்மத்தில் ராஜா ஜஸ்வந்த் சிங்கின் படையைச் சந்தித்தது. குறுகலான, பள்ளமும் சேறுமான இடத்தில் நின்றிருந்த ராஜபுத்திர வீரர்களால் குதிரைகளை விரித்து ஓட்ட இயலவில்லை. ஆயினும் அவர்கள் பீரங்கிகளின் மீதே பாய்ந்தனர். போருக்கு முன் அபினியை வழக்கத்தினும் இருமடங்கு உண்டு, இனித் திரும்பப்போவதில்லை என்பதுபோல் ஒருவரையொருவர் தழுவி விடைபெறும் ராஜபுத்திர மரபைப் பெர்னியர் வருணிக்கிறார். கோட்டா அரசர் முகுந்த சிங் ஹாடாவும், ரத்லம் அரசர் ரத்தன் சிங் ராத்தோரும் அங்கே வீழ்ந்தனர்.

இதற்குப் பிறகு வந்தது சம்பல் நதி. தாராவின் படை தோல்பூரில் தங்கி, தெரிந்த துறைகளையெல்லாம் பீரங்கிகளோடு காத்துநின்றது. ஔரங்கசீப் காவலில்லாத வேறொரு துறையைத் தேடினார். அதைக் காட்டியவர் பண்டேலாத் தலைவர் சம்பத் ராய் என்று பெர்னியர் கூறுகிறார். அந்தத் துறைக்குச் செல்லும் வழி நீரற்ற கரடுமுரடான நிலம். மே மாதக் கடைசி. படை ஓய்வின்றி நடந்தது. தாகத்தால் வழியிலேயே விழுந்து மாண்டவர் பலர். எந்த வாளும் உறையிலிருந்து உருவப்படாமலே இவ்வளவு உயிர்கள் போயின. ஆனால் சம்பலைக் கடந்தவுடன் தாராவின் அரண்கள் அனைத்தும் பயனற்றவையாயின. அவர் அவசர அவசரமாக ஆக்ராவுக்கு அருகே திரும்பவேண்டியதாயிற்று.

சாமூகர்ப் போர் நடந்த நாள் பழைய கணக்கின்படி 1658 மே 29. இன்றைய பஞ்சாங்கப்படி ஜூன் 8. ஆக்ராவில் கோடையைக் கழித்தவர்களுக்கு அந்த மாதத்து அனற்காற்றைப் பற்றி நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. போருக்கு முந்திய நாளே தாரா தம் படையை அணிவகுத்து வெட்டவெளியில் நிறுத்தினார். எதிரிப் படை நெடுவழி நடந்து களைத்து வந்துகொண்டிருந்தது. அப்போதே அதைத் தாக்கியிருக்கலாம். அவர் தாக்கவில்லை. திரும்பி ஓய்வெடுக்கவும் கட்டளை பிறக்கவில்லை. பகல் முழுவதும் இரும்புக் கவசத்துக்குள், உச்சி வெயிலில், சுடுமணலில் வீரர்கள் நின்றார்கள். மனிதரும் குதிரைகளும் வெப்பத்தால் சுருண்டு விழுந்தனர். பொழுது சாய்ந்த பின்னரே பாசறைக்குத் திரும்பினர். எதிர்ப்புறத்து வீரர்களோ அன்றிரவு தம் குதிரைகளுக்கு நீர் காட்டி இளைப்பாறினர். மறுநாள் நடந்தவற்றிற்குத் துரோகம், விதி என்று பல காரணங்கள் கூறப்பட்டுள்ளன. முந்திய நாள் குதிரைகள் பட்ட தாகத்தையும் அக்காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து.

மறுநாள் தாராவின் குதிரைப்படை வீரத்தில் குறையவில்லை. பூந்தி அரசர் சத்ரசால் ஹாடா, ருஸ்தம் கான் முதலிய தலைவர்கள் முன்னணியில் பாய்ந்து உயிர்நீத்தனர். அந்நேரத்தில் தாரா யானையிலிருந்து இறங்கிக் குதிரைமேல் ஏறினார். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அம்பாரி வெறுமையாகத் தெரிந்தது. தலைவர் மாண்டார் என்ற எண்ணம் நொடியில் பரவியது. மீந்திருந்த படை கலைந்தது.

ஒரு வெற்று அம்பாரியைக் கண்டு ஆயிரக்கணக்கான வீரர்கள் ஓடுவதா என்று நாம் இகழக்கூடும். அவர்களுடைய நிலையில் நின்று பார்த்தால் இகழத் தோன்றாது. அவ்வீரனுக்கு நாடு என்றோ கொள்கை என்றோ ஒன்றைக் காட்டி எவரும் அழைத்துவரவில்லை. அவன் உண்டது ஒரு பிரபுவின் உப்பு. அந்தப் பிரபு உண்டது ஓர் அரசகுமாரரின் உப்பு. எதிரே நிற்பவனும் சென்ற ஆண்டு வரை ஒரே கொடியின்கீழ் இருந்தவன். ஒருவேளை உறவினனாகவும் இருக்கலாம். அரசகுமாரர் மாண்டபின், செத்த குதிரைக்கு விலை தருவார் யார்? நின்றுபோன சம்பளத்துக்குப் பொறுப்பேற்பார் யார்? மொகலாயப் படையில் மணமாகாத வீரனைக் காண்பது அரிது என்றும், மனைவி, மக்கள், பணியாட்கள் எல்லாரும் அந்த ஒரு சம்பளத்தையே நம்பியிருந்தனர் என்றும் பெர்னியர் சொல்கிறார். போரின் இறுதியில் வீரர்கள் தம் குதிரைகளையே விற்க முற்பட்டனர் என்றும், போர் இன்னும் நீடித்திருந்தால் விற்றே தீர்த்திருப்பார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். குதிரையை விற்கும் குதிரைவீரன், ஏரை விற்கும் உழவனுக்கு ஒப்பானவன். அந்த நிலைக்கு அவர்கள் வந்துவிட்டார்கள் என்பதை எண்ணும்போது, அவர்கள் ஓடியதைவிட அவ்வளவு நேரம் நின்றதே வியப்பாகத் தோன்றுகிறது.

இதே உண்மையைத் தாராவின் மகன் சுலைமான் ஷுகோவின் வரலாற்றிலும் காண்கிறோம். பகதூர்பூரில் விடியற்காலையில் ஷுஜாவின் உறங்கும் பாசறையைத் தாக்கி வென்ற படை அவருடையது. வெற்றி பெற்ற அந்தப் படை, சாமூகர்ச் செய்தி கேட்டவுடன், எவரோடும் போரிடாமலே கரைந்தது. மிர்சா ராஜா ஜெய் சிங் விலகினார். திலீர் கான் விலகினார். அவர்களுடைய வீரர்களும் அவர்களோடு சென்றனர். மூன்றில் ஒரு பங்கினர்கூட உடன் நிற்கவில்லை. இறுதியில் கடுவால் மலைநாட்டிற்குள் சுலைமான் புகுந்தபோது உடனிருந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

தாராவின் கடைசி நாட்கள் இன்னும் துயரமானவை. 1659 மார்ச்சில் தேவராயில் மீண்டும் தோற்று, குஜராத் பக்கம் ஓடிவந்தார். அகமதாபாத்துக்கு அருகில் பெர்னியர் அவரைச் சந்தித்தார். சக்கரவர்த்தியின் செல்வமகனுக்கு அப்போது ஒரு கூடாரம்கூட இல்லை. வெறும் திரைத்துணி ஒன்றே அவருடைய குடும்பப் பெண்டிருக்கு மறைப்பு. அதன் கயிறுகளைப் பெர்னியருடைய வண்டிச் சக்கரங்களில் கட்டியிருந்தார்கள். அகமதாபாத் கதவடைத்தது என்ற செய்தி விடியற்காலையில் வந்தது. எஞ்சியிருந்தவர் நானூறு, ஐந்நூறு குதிரைவீரர். பெர்னியரின் வண்டியில் பூட்டியிருந்த எருது ஒன்று மாண்டுபோகவே, அவரை உடன் அழைத்துச் செல்லத் தாரா விரும்பினார். ஆனால் ஒரு குதிரையோ, எருதோ, ஒட்டகமோ கொடுக்க அவரால் இயலவில்லை. மருத்துவரை வழியிலேயே விட்டுச் சென்றார். உள்நாட்டுப் போர் ஒன்றின் முடிவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்பது ஐயமே. அதே ஆண்டு தாரா பிடிபட்டு, டில்லியில் கொல்லப்பட்டார். ஷுஜா 1660 இல் அரக்கான் நாட்டுக்கு ஓடினார்.

வீரனைப் பற்றிப் பேசும் நாம், அவன் குதிரை மிதித்த வயலை மறந்துவிடலாகாது. அரச படை செல்லும் வழியில் அழிந்த பயிருக்கு ஈடுகொடுக்கப் பைமாலி என்ற ஏற்பாடு மொகலாய ஆட்சியில் இருந்தது. ஆயினும் நான்கு அரசகுமாரர்களின் படைகள் மாறிமாறி ஓடித்துரத்திய ஆண்டுகளில் யாரிடம் போய் எவன் கேட்பான்? புல் செதுக்கிய மண்வெட்டி வயல் வரப்பில் நின்றுவிடவில்லை. போருக்குப் பின் வடநாட்டின் பல பகுதிகளில் தானியத் தட்டுப்பாடும் பஞ்சமும் தோன்றின. முடிசூடிய ஔரங்கசீப், தானியத்தின்மீது வழியில் வாங்கிவந்த ராஹ்தாரி என்னும் சுங்கத்தை நீக்க ஆணையிட்டார். பசித்தோர்க்கு உணவளிக்கும் சாலைகளும் திறக்கப்பட்டன. அரியணைக்குக் கொடுத்த விலையில் உழவனின் பங்கு எவ்வளவு என்பதை அந்த ஆணைகளே காட்டுகின்றன.

இந்த வரலாற்றுக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் தொடர்பே இல்லையென்று எண்ணவேண்டாம். சாமூகரில் தாராவின் பக்கத்தில் நின்ற இத்தாலிய இளைஞர் நிக்கோலோ மனூச்சி. மாதம் 80 ரூபாய் சம்பளத்தில் பீரங்கிப்படையில் சேர்ந்தவர். அவர் பின்னாளில் 1686 முதல் சென்னையில் குடியேறினார். புழுதியும் வெயிலும் ஓட்டமுமாக அவர் கண்ட போரை, முதுமையில் எழுதிவைத்தது நம் தென்னாட்டில் இருந்துகொண்டுதான். சம்பல் நதியில் வழிகாட்டிய சம்பத் ராய், மூன்றே ஆண்டுகளில், தாம் உதவிய அதே சக்கரவர்த்தியின் படையால் துரத்தப்பட்டு 1661 இல் மாண்டார். ஆனால் பண்டேலாக் குதிரைவீரர்கள் மொகலாயப் படையோடு தெற்கே வந்துகொண்டேயிருந்தனர். 1690 முதல் 1698 வரை செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்ட சேனையில் பண்டேலா ராவ் தல்பத் இருந்தார். பின்னர் செஞ்சியின் கோட்டைத் தலைவராக அமர்ந்த சுவரூப் சிங்கும் பண்டேலாவே. அவர் மகன் தேஜ் சிங், 1714 இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து இளவயதிலேயே மாண்டார். அவரைத்தான் நாம் தேசிங்கு ராஜன் என்று அழைக்கிறோம். கதைப்பாடலில் அவருடைய குதிரை பாராசாரிக்கும் அழியாத இடம் கிடைத்திருக்கிறது. வடநாட்டுப் பாசறையில் புழுதி குடித்து வளர்ந்த ஒரு மரபு, தமிழ்க் கிராமத்துத் திண்ணையில் கதையாகக் கேட்கப்பட்டது.

சொற்களும் வந்தன. நாம் அன்றாடம் வழங்கும் முகாம், டேரா, சவாரி, லகான், சிப்பாய், பாக்கி, கஜானா என்பவையெல்லாம் அந்தப் பாசறையின் பேச்சில் புழங்கியவையே. டில்லியிலும் லக்னோவிலும் நம் அண்டை வீட்டார் பேசும் உருது மொழியின் பெயருக்கே பாசறை என்பது பொருள். பல தேசத்து வீரரும் கடைக்காரரும் குதிரைக்காரரும் ஒரே புகைக்குள் அமர்ந்து பேசியதன் நினைவு அந்தப் பெயரில் நிற்கிறது.

விடுமுறை நாட்களில் தாஜ்மகாலைக் காண ஆக்ராவுக்குச் செல்லும் அன்பர்கள், அரண்மனையையும் கல்லறையையும் கண்டபின், கிழக்கே சாமூகர்ச் சமவெளியின் திசையையும் ஒருமுறை நோக்குவார்களாக. அரசகுமாரர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. வீரனுடைய பெயரும், தந்தையின் பெயரும், முகத்து மச்சமும், குதிரையின் நிறமும்கூட ஒரு காலத்தில் எழுதிவைக்கப்பட்டிருந்தன. சம்பளக் கணக்குக்காக எழுதப்பட்டவை அவை. அந்தக் கணக்கு முழுதும் தீர்க்கப்படாமலே பலர் அந்த மணலில் வீழ்ந்தனர். வரலாற்றைப் படிக்கும் நாம் அவர்களையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வது நம்மால் செலுத்தக்கூடிய சிறிய பாக்கி.